கோமதியின் பூ என்ன நிறம்

"விதைச்ச விதை ஏம்மா தாயை மாதிரி வரமாட்டேங்கு?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

பிலோமினா தலையைத் தூக்கவில்லை. யாருடைய ரவிக்கையோ தையல் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது.

"இருபத்தாறு செடிம்மா. கோமதி செடியில எடுத்த விதை. இருபத்தாறும் பூத்துது. ஒண்ணுகூட அவ பூ இல்ல."

"அந்த இருபத்தாறும் இப்ப எங்க இருக்கு சார்?"

"பிடுங்கிப் போட்டுட்டேன்."

மெஷின் நின்றது.

கோத்தகிரி கடைவீதியில் பிலோமினாவின் தையல்கடையை எல்லாருக்கும் தெரியும். கடைக்குப் பின்னால் நாலடி அகலத்துக்கு ஒரு துண்டு மண் இருப்பது பூப்பைத்தியங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்த மண்ணில் அவள் ஹாலிஹாக் வளர்த்தாள். ஆளைவிட உயரமாக ஒரே தண்டு. தண்டு நெடுக அப்பளம் அகலத்துக்குப் பூ. சீமைத்துத்தி என்று தமிழில் ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் மலையில் அப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது.

ஒரு நிறத்தை இன்னொரு நிறத்தோடு சேர்த்து மூன்றாவது நிறத்தை வரவழைப்பதில் அவளுக்குக் கைராசி இருந்தது. ஊட்டியிலிருந்தெல்லாம் ஆள் வந்து கேட்பார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். சிலருக்கு விதை கொடுப்பாள், சிலருக்குக் கொடுக்கமாட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு விதையும் கிடையாது, பதிலும் கிடையாது.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஆவுடையப்பனுக்கு அறுபத்தாறு. சந்தேகம் கேட்டு வந்தவர் அவர். பதில் அவளிடம் இருந்தது. அப்புறம் வயதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது.

பிலோமினா ஊசியிலிருந்து துணியை விடுவித்தாள். காலடியில் கிடந்த வெட்டுத்துணி மூட்டையை இழுத்து மேஜைமேல் கொட்டினாள்.

"சார், இதுல உங்க சட்டைத்துணி கிடக்கு. எடுங்க."

"எந்தச் சட்டை?"

"இப்பப் போட்டிருக்கிறீங்களே, அது. போன மாசம் நான் தச்சதுதான்."

ஆவுடையப்பன் துண்டுகளைக் கிளறினார். தன்னுடையது நீலம் என்று அவருக்குத் தெரியும். கிடைத்த ஒரு நீலத்தை எடுத்து நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. குவியலிலிருந்து வேறொரு துண்டை எடுத்து அவர் கைமேல் வைத்தாள். அதுவும் நீலம்தான், ஆனால் வெள்ளை இழை கட்டம்போட்டு ஓடியிருந்தது. அவர் சட்டையிலும் ஓடியிருந்தது.

குனிந்து தன் சட்டையை ஒரு தடவை பார்த்திருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை.

"மீதி விதை இருக்கா சார்?"

"பாதியைத்தான் போட்டேன். பாதி இருக்கு."

"ஆடியில போடுங்க. எதையும் பிடுங்காதீங்க."

"பூத்த பிறகு?"

"பூத்த பிறகு வாங்க."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது பாதி வழி ஏறிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

*

ஆவுடையப்பன் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். வேலைக்காக மலையேறியவர் முப்பத்தைந்து வருஷம் சங்கிலி பிடித்து அளந்துவிட்டு, கடைவீதிக்கு மேலே ஏற்றத்தில் ஒரு வீடு வாங்கி அங்கேயே தங்கிவிட்டார். வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் இடம். நான்கு மூலையும் எங்கே என்று அவருக்கு அங்குல சுத்தமாகத் தெரியும். நடுவில் என்ன இருந்தது என்பது மனைவி கோமதிக்குத்தான் தெரியும்.

அவருக்கும் கோமதிக்கும் பிள்ளைகள் இல்லை. அவளுக்குத் தோட்டம், அவருக்கு வரைபடம். சண்டை சச்சரவு இல்லாத வீடு. ஓய்வு பெற்ற பின்னும் வேலித் தகராறு, பாதைத் தகராறு என்று யாராவது பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவரும் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு ஆனி மாதம் கோமதி இரண்டு நிறத்தைச் சேர்த்து வளர்த்த ஹாலிஹாக் செடி பூத்தது. அவளாகச் சேர்த்த முதல் செடி அது.

காலையில் தோட்டத்திலிருந்து கூப்பிட்டாள்.

"ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போங்களேன்."

"இந்தா வாரேன்" என்றார் ஆவுடையப்பன்.

போகவில்லை.

மறுநாளும் கூப்பிட்டாள். அவரும் அதையே சொன்னார். மூன்றாம் நாளும் அப்படியே. அன்றைக்குச் சாப்பாடு போடும்போது அவளே சொன்னாள்: பனம்பழத்துச் சதையும் நாவற்பழக் கறையும் சேர்ந்தமாதிரி ஒரு நிறம், இந்த மலையில் வேறு யார் வீட்டிலும் இல்லை என்று. அவர் "அப்படியா" என்றார். ரசம் கேட்டார்.

நான்காம் நாள் கோமதி அடுப்படியில் விழுந்தாள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாள்.

எல்லாக் காரியங்களும் முடிந்து அவர் தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்தபோது தண்டு காற்றில் சாய்ந்து கிடந்தது. இதழ் ஒன்றுகூட மிச்சமில்லை. காய்கள் மட்டும் முற்றிக்கொண்டிருந்தன. அவற்றைக் காயவிட்டு உடைத்து விதையை எடுத்து, அவளுடைய மஞ்சள்கிழங்கு டப்பாவில் போட்டு வைத்தார்.

அந்தப் பூவை இன்னொரு முறை பூக்க வைத்துவிட வேண்டும். அவருக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அந்தப் பூவின் அழகைச் சொன்னார், தினமும் பக்கத்தில் நின்று பார்த்தவர் போல.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். வெளியே பனம்பழம், உள்ளே நாவலா? வெளியே நாவல், உள்ளே பனம்பழமா? அவருக்கு அது நிச்சயமாகத் தெரியாது. வெளியே நாவல் என்று வைத்துக்கொண்டுதான் இருபத்தாறையும் பிடுங்கினார். இருபத்தாறாவதைப் பிடுங்கிய அன்றுதான் அது தலைகீழாக இருந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, பிலோமினாவிடமும்தான்.

*

ஆடியில் விதை போட்டார். நாற்பத்தொன்று முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முளைக்குச்சி அடித்து எண் எழுதினார். பழக்கம் யாரை விட்டது.

முளைத்த வருஷம் ஹாலிஹாக் இலைதான் விடும். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். மழை முடிந்ததும் இலைக்கு அடியில் செம்புள்ளி விழுந்தது.

அவர் கடைக்கு ஓடினார்.

"பதினேழாம் நம்பர் முழுக்கப் புள்ளிம்மா. பிடுங்கிடட்டுமா? மத்ததுக்கும் தொத்திரும்லா?"

"புள்ளி விழுந்த இலையை மட்டும் கிள்ளுங்க."

"நாப்பத்தியொரு செடியில எத்தனை இலைன்னு நெனைக்கிய?"

"எனக்கு எப்படித் தெரியும் சார்? நான் உங்க தோட்டத்துக்கு ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கேன்."

அவர் திரும்பிப் போய் ஒவ்வொரு இலையாகப் புரட்டினார். மார்கழி முழுக்கப் புரட்டினார். அவள் எப்போது வந்தாள், எதற்கு வந்தாள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

*

சித்திரையில் தண்டு எழும்பியது. வைகாசி பிறந்ததும் நாலாம் நம்பர் பூத்தது.

"பூத்திருச்சும்மா" என்று வந்து நின்றார்.

"என்ன நிறம்?"

"ரோஸ்."

"அடியில?"

"அடியிலன்னா?"

"இதழ் தண்டோட சேருற இடத்துல சார். அங்க என்ன நிறம்?"

ஆவுடையப்பன் யோசித்தார். எவ்வளவு யோசித்தாலும் பார்க்காதது ஞாபகத்துக்கு வராது.

"போய்ப் பாத்துட்டு வாங்க."

கடைக்கும் வீட்டுக்கும் ஒன்றரை மைல், அதுவும் ஏற்றம். போனார். பார்த்தார். வந்தார்.

"அடியில பச்சை. வெளிறின பச்சை."

"நரம்பு?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினார். சுடிதார் அளவு கொடுக்க வந்திருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை.

அன்றைக்கு அவர் மூன்று தடவை ஏறி இறங்கினார். மறுநாள் கால் வலியோடு ஏழாம் நம்பர் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார், கால் சொன்ன யோசனை அது.

ஒன்பதாம் நம்பர் மஞ்சள். பதினொன்று, வெளுத்த துணியில் இலவம்பஞ்சு ஒட்டியமாதிரி ஒரு வெள்ளை. இருபத்திரண்டு காலையில் ஒரு சிவப்பு, வெயில் ஏறினால் வேறு சிவப்பு. செம்புள்ளி விழுந்து பிழைத்த பதினேழு, கறுப்பு என்று சொல்லத்தக்க ஒரு ஊதா. கறுப்பு இல்லை என்பதை வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால்தான் சொல்ல முடிந்தது.

தினமும் வந்து சொன்னார். தினமும் அவள் ஒரு கேள்வி கேட்டாள். ஆனி பிறந்தபோது பதில்கள் நீளமாகிவிட்டிருந்தன. கேள்விகள் குறைந்துகொண்டு வந்தன.

ஒருநாள் அவராகவே சொன்னார்:

"பூ விரிஞ்ச அன்னிக்கு நடுத்தூண்ல மகரந்தம் மட்டும்தான் இருக்கு, மாவு அப்பினமாதிரி. அது உதிர்ந்த பொறவுதான் உள்ளே இருந்து நூல் நூலா வெளிய வருது. அந்த நூலு வேற பூவோட மகரந்தத்துக்குத்தான் காத்துக் கிடக்கு. ரெண்டு நாளு காத்துக் கிடக்கு. வண்டு வரலேன்னா அதுவே சுருண்டு தன் மகரந்தத்தைத் தொட்டுக்கிடுது."

பிலோமினா தலையசைத்தாள்.

"அப்ப சேக்கணும்னா, பூ விரியதுக்கு முந்துன நாளே மொட்டைப் பிரிச்சு மகரந்தத்தை எடுத்திரணும். பொறவு வண்டு வராம மூடி வைக்கணும். அப்படித்தானம்மா?"

"மஸ்லின் துணிப் பை. நான்தான் தச்சுக் கொடுத்தேன். உங்க வீட்டுக்காரம்மாவுக்கு ஏழு பை."

விடிந்தும் விடியாத நேரத்தில் கோமதி புருவம் திருத்துகிற இடுக்கியோடு தோட்டத்தில் குத்தவைத்திருந்ததை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். "என்னத்தத் தேடுத?" என்று கேட்டுமிருக்கிறார். "ஒண்ணுமில்ல" என்றாள் அவள். அவரும் விட்டுவிட்டார்.

*

நாற்பத்தொன்றில் நாற்பது பூத்தாயிற்று. முப்பத்தெட்டாம் நம்பர் மட்டும் மொட்டாக நின்றது.

அன்று ஆவுடையப்பன் கடை திறக்கும் முன்பே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். பிலோமினா பூட்டைத் திறந்தாள். அவர் உள்ளே போய் வழக்கமான ஸ்டூலில் உட்காரவில்லை.

"இன்னிக்கு என்ன பூத்துச்சு சார்?"

"நான் வேற ஒண்ணு சொல்லணும்."

அவள் மெஷின் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றுவதை நிறுத்தினாள்.

"கோமதி பூவை நான் பாக்கல."

பிலோமினா அவரைப் பார்த்தாள்.

"ஒருநாள்கூடப் பாக்கல. மூணு நாள் கூப்பிட்டா. எவனோ ஒருத்தன் வேலிக்குப் படம் போட்டுக்கிட்டு இருந்தேன். அவன் பேருகூட இப்ப மறந்துபோச்சு. பனம்பழம்னு சொன்னா, நாவப்பழம்னு சொன்னா. எது உள்ள எது வெளியன்னுகூட நான் கேட்டுக்கிடல. அதை வச்சுக்கிட்டு இருபத்தாறைப் பிடுங்கினேனே. அதுல அது இருந்துச்சோ என்னவோ. நான் என்னத்தப் பாத்துப் பிடுங்கினேன், சொல்லுங்க."

சொல்லி முடித்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். இரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியிலும் சுடுகாட்டிலும் வீட்டிலும் வராத அழுகை, ஒரு தையல்கடையில் வந்தது.

அழட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். ரொம்ப நேரம் கழித்து, "தெரியும் சார்" என்றாள்.

துண்டை எடுத்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"முதல் நாள் காலைல என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. ஆறரைக்கு வந்தேன். அவங்க உங்களைக் கூப்பிடுறப்ப நான் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தேன்."

"நான் 'இந்தா வாரேன்'னு சொன்னது..."

"கேட்டுச்சு."

"அப்ப அவ என்ன செஞ்சா?"

பிலோமினா கொஞ்சம் தயங்கினாள். பிறகு உள்ளதைச் சொன்னாள்.

"வாசலைப் பாத்துட்டே நின்னாங்க. அவர் வந்துருவாரு, ஒரு நிமிஷம் இருன்னாங்க. நான் கடை திறக்கணும்னு கிளம்பிட்டேன்."

கடைவீதியில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஆவுடையப்பன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீங்க பாத்திருக்கிய அந்தப் பூவை."

"பாத்தேன்."

"என்னைக்காவது ஒருநாள் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லாம்மா, இப்படித்தான் இருந்துச்சுன்னு."

"சொல்லியிருந்தா இந்த நாற்பத்தொண்ணையும் என்ன செஞ்சிருப்பீங்க?"

பதில் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

பிலோமினா மெஷின் உறையை மறுபடி மாட்டினாள். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். தீபாவளிக்கு முந்தின வாரம் காய்ச்சலோடு உட்கார்ந்து தைத்தவள் அவள். அப்படிப்பட்டவள் அன்று கடையைப் பூட்டினாள்.

"வாங்க சார், போலாம்" என்றாள்.

*

ஏற்றத்தில் பிலோமினா முன்னால் நடந்தாள், அவர் பின்னால் நடந்தார்.

நாற்பது செடிகளும் அதனதன் நிறத்தில் நின்றுகொண்டிருந்தன. பிலோமினா வாசல்படலைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே இறங்கினாள்.

"நான் பாக்கிறேன். ஒரு டீ போடுங்க சார்" என்றாள்.

ஆவுடையப்பன் வீட்டுக்குள் போனார். பாலை அடுப்பில் வைத்தார். இஞ்சியைத் தட்டினார். டீத்தூள் டப்பாவைத் தேடி எடுத்தார். கோமதி போன பிறகு இந்த வீட்டில் இன்னொருவருக்காக டீ போடுவது இதுதான் முதல் தடவை. இரண்டு டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்தார்.

அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் தோட்டம் தெரியும். அவர் பார்க்கவில்லை. தைரியம் வரவில்லை.

செடிகளுக்கு நடுவே அவள் நடக்கிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

பால் ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியது.

"சார்" என்று முப்பத்தெட்டாம் நம்பர் பக்கத்திலிருந்து பிலோமினாவின் குரல் வந்தது. "ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போங்களேன்."

"இந்தா வாரேன்" என்றது அவருடைய வாய்.

சொன்ன வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. டம்ளரைக் கையில் பிடித்தபடி ஒரு கணம் நின்றார். பால் விளிம்புக்கு ஏறிவிட்டிருந்தது, இன்னும் ஒரு நொடியில் பொங்கிவிடும்.

அடுப்பை அணைக்கக்கூட நிற்காமல் ஆவுடையப்பன் வெறுங்காலோடு வெளியே ஓடினார்.